லோங்காங்கில் விழுந்தவை ஏறி வர ஒரு சரிவு: தண்ணீர்மலை அடிவாரத்துச் செய்முறைப் பதிவு

பினாங்குத் தீவில் காட்டை ஒட்டி ஓடும் லோங்காங்குகளில், அதாவது திறந்த மழைநீர்க் கால்வாய்களில், தவளையும் அரணையும் விழுந்து வெளியேற வழியில்லாமல் சாகின்றன. எங்கள் இடத்தில் அதைத் தடுக்க என்ன செய்தோம், எந்தப் பொருள் தாங்கியது, எது தாங்கவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். மலைச்சரிவில் வீடோ தோட்டமோ கோயில் நிலமோ வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

இடம், தண்ணீர்மலை அடிவாரத்தில் பெரியப்பா குடும்பத்தின் பழத்தோட்டம். டுரியானும் ரம்புத்தானும் கொஞ்சம் சாதிக்காய் மரங்களும் உண்டு. மேல் எல்லையைத் தாண்டினால் காப்புக்காடு. காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு லோங்காங் போகிறது. இரண்டடி ஆழம், இரண்டடி அகலம். பழைய செங்கல் சுவர், மேலே சிமெண்டுப் பூச்சு. அது வளைந்து இறங்கி, கீழே சாலையோரத்து லோங்காங்கில் சேருகிறது. மேலே இருப்பது எங்களுடையது, கீழே இருப்பது மாநகர் மன்றத்துடையது. இந்த வேறுபாடு முக்கியம், பின்னால் சொல்கிறேன்.

லோங்காங்கையே மூடிவிட்டால் என்ன என்று சிலர் கேட்டார்கள். மலைச்சரிவில் அது நடக்காது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தீவு முழுக்க வெள்ளம், பல இடங்களில் மண்சரிவு. சரிவில் விழும் தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் வேகமாகக் கீழே கொண்டுபோகத்தான் இந்தக் கால்வாய். சுவர் எவ்வளவு வழவழப்போ, அவ்வளவு வேகமாகத் தண்ணீர் போகும். மனிதருக்கு நல்லதாக இருக்கும் அந்த வழவழப்புதான் சின்ன உயிர்களுக்கு எமனாகிறது.

எல்லா உயிருக்கும் அல்ல. மரத்தவளைக்கு விரல் நுனியில் வட்டமான ஒட்டுத் தட்டுகள் உண்டு. செங்குத்துச் சுவரில் பொறுமையாக ஏறி வந்துவிடும். வீட்டுப் பல்லிக்கும் விரலடியில் மடிப்புகள் இருப்பதால் கவலை இல்லை. மாட்டிக்கொள்வது தரையில் வாழ்பவை: தேரை, பருத்த உடம்புள்ள வரித்தவளை, விரல் நகம் அளவே உள்ள குறுவாய்த் தவளைகள், வெயிலில் காயும் செம்பழுப்பு அரணை. மழை இரவில் ஓடைக்குப் போகக் கிளம்பி விழுந்துவிடும். சுவர் ஓரமாகவே நடந்து நடந்து, கடைசியில் மண் குழிக்கு வந்து சேரும். லோங்காங் வளையும் இடத்தில் மணல் தங்குவதற்காக அடித்தளத்தைவிட ஆழமாகக் கட்டிய குழி அது. எங்கள் குழி மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. மழை இரவுக்கு மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தால், மேலே மிதக்கும் சருகுக்கு நடுவே கால்களை விரித்துக்கொண்டு தவளைகள் கிடக்கும். சில உயிரோடு, சில இல்லை. தவளைதானே, நீந்தாதா என்று நினைக்கக்கூடாது. தரைத் தவளையால் விடிய விடிய நீந்திக்கொண்டிருக்க முடியாது.

ஒரு காலையில் அந்தக் குழிச்சுவரின் நடுவில், செங்கல் பெயர்ந்த ஒரு பொந்தில் வளைவிரல் பல்லி ஒன்று தொற்றிக்கொண்டிருந்தது. முதுகில் அகலமான கரும்பழுப்புப் பட்டைகள், ஒவ்வொரு பட்டைக்கும் வெளிறிய ஓரம். பெரிய கண், அதில் கோடு போல நிற்கும் பாப்பா. விரல்கள் கணுவில் மடங்கி, நுனி நகம் மட்டும் செங்கல் விளிம்பில் மாட்டியிருந்தது. இந்த இனத்துக்கு வீட்டுப் பல்லியின் ஒட்டும் மடிப்புகள் கிடையாது. மரப்பட்டையிலும் பாறையிலும் நகத்தை ஊன்றித்தான் ஏறும். பொந்துக்கு மேலே சிமெண்டுப் பூச்சு தொடங்கிய இடத்தில் அதனால் ஒரு அங்குலம்கூட நகர முடியவில்லை. ஒரு காய்ந்த டுரியான் கிளையைச் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். கொஞ்ச நேரத்தில் கிளையில் ஏறி, காட்டுப் பக்கம் போய்விட்டது. செய்ய வேண்டிய வேலை என்ன என்பது அந்தக் கிளையைப் பார்த்தபோதுதான் தெளிவானது. நகம் ஊன்ற இடம் வேண்டும், சாய்வு வேண்டும், காட்டுப் பக்கம் முடிய வேண்டும்.

அந்தப் பல்லியின் படத்தை, விவரம் தெரிந்தவர்களிடம் காட்டினேன். சிர்டோடாக்டைலஸ் புல்கெல்லஸ் என்றார்கள். 1827இலேயே பெயர் வைக்கப்பட்டது. நீண்ட காலம் மலாய்த் தீபகற்பம் முழுக்க இருக்கும் ஒரே இனமாக எண்ணப்பட்டு, 2012இல் வந்த ஆய்வு அதைப் பல இனங்களாகப் பிரித்த பிறகு, பழைய பெயர் பினாங்குப் பல்லியோடு நின்றது. இதுபோல இந்தத் தீவின் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை இன்னும் உண்டு. கருங்கல் பாறை இடுக்குகளில் வாழும் நெமாஸ்பிஸ் அஃபினிஸ் என்ற பாறைப் பல்லி. சருகுக்கடியில் புதைந்து வாழும், கால்கள் சிறுத்துப்போன லருட்டியா பெனாங்கென்சிஸ் என்ற அரணை, 2003இல்தான் விவரிக்கப்பட்டது. அப்புறம் அன்சோனியா பெனாங்கென்சிஸ் என்ற ஒல்லிக்கால் ஓடைத்தேரை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ஃபெர்டினண்ட் ஸ்டோலிச்கா 1870இல் அதை விவரித்தார். பிறகு வெகுகாலம் சரியாகத் தெரியாமல் இருந்து, 2011இல் மறுபடி கண்டு விவரித்திருக்கிறார்கள். 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ பினாங்குக் கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தது; 12,481 ஹெக்டேர். ஆனால் காப்பகத்தின் கோடு வரைபடத்தில்தான் இருக்கிறது. பல்லிக்குத் தெரிந்த எல்லை இந்த இரண்டடிச் சுவர்தான்.

ஓடைத்தேரை எங்கள் லோங்காங்கில் விழுந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் இந்த வேலையில் அதை மனதில் வைக்க வேண்டியிருந்தது. அதன் தலைப்பிரட்டைகள் வேகமாக ஓடும் தண்ணீரில் கல்லை வாயாலேயே கவ்விக்கொண்டு, கல்லின் மேல் படரும் பாசியைத் தின்று வளரும். ஓடையில் மண் இறங்கி அந்தக் கல்லை மூடினால் அதற்குப் பிடிப்பும் இல்லை, சோறும் இல்லை. மண்ணைப் பிடித்து நிறுத்துவது எது? அந்த மண் குழிதான். வரித்தவளையைக் கொல்லும் குழி, கீழே உள்ள ஓடையைக் காப்பாற்றுகிறது. அதனால் குழியை நிரப்பிவிடலாம் என்ற யோசனையை அன்றோடு விட்டேன். குழி இருக்க வேண்டும், அதில் விழுந்தது ஏறி வரவும் வேண்டும்.

முதலில் கைக்குக் கிடைத்த பொருளைப் போட்டுப் பார்த்தோம். தென்னை நார்ப் பாயை நீளமாக வெட்டி, மேல் விளிம்பில் ஆணியடித்து உள்ளே தொங்கவிட்டோம். பிடிப்புக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. குட்டித் தேரைகள்கூட ஏறின. ஆனால் நார் மண்ணைக் குடித்து கனத்துப்போகிறது, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அடிப்பக்கம் அழுகி அறுந்துவிடுகிறது. அறுந்த துண்டு கீழே போய்க் குழாயை அடைத்தால் பெரிய தொல்லை. அவசரத்துக்கு மட்டும் அது போதும். கம்பி வலை போடலாம் என்றால், கடையில் மலிவாகக் கிடைப்பது துத்தநாகம் பூசியது. தேங்கிய தண்ணீரில் துத்தநாகம் கரைந்து இறங்குவது தலைப்பிரட்டைகளுக்கு நஞ்சு. பூச்சி அரிக்காமல் மருந்தேற்றிய மரப்பலகையில் பெரும்பாலும் செம்பு இருக்கும், அதுவும் கூடாது. தோட்டத்தில் பறவைக்குப் போடும் தளர்ந்த நைலான் வலையை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. பாம்பும் அரணையும் அதில் தலையைக் கொடுத்து இறுகிச் சாகும்.

வழி சொன்னவர் எங்கள் கொத்தனார் அண்ணன். நாற்பது வருடத்துக்கு மேலாகச் சுவர் கட்டுபவர். லோங்காங்குக்குள் சரிவு வைத்தால் தண்ணீருக்கு இடம் குறையுமே என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். அவர் இறங்கி, காட்டுப் பக்கச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார்.

“உள்ளே ஏன் வைக்கணும் தங்கச்சி? சுவத்த வெட்டி வெளிய தள்ளிடுவோம். தண்ணி போற வழிய நாம தொட வேணாம்.”

“சுவரு பலம் போயிடாதாண்ணே?”

“செங்கச் சுவருதானே. வெட்டுன எடத்துல மூணு பக்கமும் கட்டிக் குடுத்துடுறேன். இரும்புக்கம்பி போட்ட சுவரா இருந்தா நானே வேணாம்னு சொல்லிருப்பேன்.”

அப்படியே செய்தோம். சுவரில் நாலடி நீளத்துக்கு, எட்டு அங்குலம் காட்டுப் பக்கமாக உள்வாங்கி ஒரு மாடம் வெட்டி, அதற்குள் சரிவு. இரண்டடி உயரத்துக்கு நாலடி நீளம், அதாவது ஏறத்தாழ 27 பாகைச் சாய்வு. குட்டி அரணைக்கும் தேரைக்கும் அது சுலபம்.

எந்தத் திசையில் ஏற வேண்டும் என்பதில் இருவரும் நெடுநேரம் பேசினோம். தண்ணீரோடு வரும் தவளை நேராகச் சரிவின் அடியில் முட்ட வேண்டும், ஆகவே மேல்நோக்கிய பக்கம் அடி இருக்கட்டும் என்பது என் எண்ணம். அப்படி வைத்தால் பெருமழையில் வெள்ளமும் அதே சரிவில் ஏறி வெளியே கொட்டும், கரை அரித்துப்போகும் என்றார் அண்ணன். அவர் சொன்னபடி அடியைக் கீழ்ப்பக்கமும் தலையை மேல்பக்கமும் வைத்தோம். வெள்ளம் மாடத்தைக் கடந்து போகும்போது அடிப்பக்கத்தில் தண்ணீர் சுழன்று வேகம் குறைகிறது. அடித்து வரப்பட்டவை அந்தச் சுழலில் ஒதுங்கி நிற்கின்றன. மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று இதைப் பார்த்தேன். சருகு முதலில் ஒதுங்கியது, பிறகு ஒரு தேரை.

எதிர்ச்சுவரை ஒட்டி நடக்கும் உயிர்கள் மாடத்தைக் கவனிக்காமலே போய்விடும். அதற்காகத் தளத்தில் குறுக்காகச் சாய்த்து, முக்கால் அங்குல உயரத்துக்கு ஒரு சிமெண்டு வரம்பு இழுத்தோம். தண்ணீருக்கு அது தடையே இல்லை. ஆனால் சுவரோரம் ஊர்ந்து வரும் அரணையும் குட்டித் தேரையும் அதை முட்டி, அதன் ஓரமாகவே நடந்து மாடத்துக்கு வந்துவிடுகின்றன.

கலவை ஒன்றுக்கு மூன்று: ஒரு பங்கு சிமெண்டு, மூன்று பங்கு மணல். சரிவு முழுக்கக் கருங்கல் பொடி ஜல்லியைப் பாதி வெளியே தெரியும்படி அழுத்தினோம். கலவை இறுகத் தொடங்கும் நேரத்தில் ஈர்க்குமாறால் குறுக்குவாட்டில் இழுத்தோம். மேஸ்திரிக் கரண்டியால் தேய்த்து மினுக்கும் பழக்கம் ஒவ்வொரு கொத்தனாருக்கும் கையிலேயே இருக்கும். பக்கத்தில் நின்று அதை மட்டும் தடுங்கள். சரிவுக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கு விடக்கூடாது. ஓரமாகவே நகரும் உயிர் அந்த இடுக்குக்குள் நுழைந்து, சரிவின் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும்.

புதுச் சிமெண்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஈரச் சிமெண்டிலிருந்து வடியும் தண்ணீர் கடுமையான காரம். அதன் பிஹெச் அளவு 12ஐத் தாண்டும். தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, தோலாலேயே தண்ணீரையும் உறிஞ்சுகிறது. அந்தக் காரநீர் ஓடைக்குப் போனால் நாம் செய்த நன்மையெல்லாம் வீண். அதனால் மழை குறைவான ஜனவரி, பிப்ரவரியில் வேலையை வைத்துக்கொண்டோம். மேலே மணல் மூட்டை அடுக்கி, வருகிற கொஞ்சத் தண்ணீரையும் குழாய் வழியாக மாடத்தைத் தாண்டிக் கொண்டுபோனோம். சரிவின் மேல் ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் ஆறவிட்டோம். பிறகு வாளியில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கழுவிய நீரைத் துணியால் ஒற்றி எடுத்து, ஓடைக்குப் போகாத இடத்தில் கொட்டினோம். மீன்தொட்டிக் கடையில் விற்கும் பிஹெச் தாளை ஒவ்வொரு முறையும் நனைத்துப் பார்த்து, நிறம் சாதாரணத் தண்ணீரின் நிறத்துக்கு வந்த பிறகே மணல் மூட்டையை எடுத்தோம். பொறுமை வேண்டிய வேலை இது. இதில் அவசரப்படுவதாக இருந்தால் சரிவு கட்டாமல் இருப்பதே மேல்.

சரிவின் தலைமாட்டில் ஏறி வரும் உயிருக்கு உடனே ஒளிய இடம் வேண்டும். சுத்தமாக வெட்டிய புல்வெளியில் போய் முடிந்தால் பூனைக்கும் காகத்துக்கும் விருந்து. நாலைந்து கருங்கல், ஒரு பழைய கட்டை, மேலே சருகுக் குவியல் போட்டு வைத்திருக்கிறோம். பெரியம்மா வாரம்தோறும் தோட்டத்தைக் கூட்டுபவர். அந்த மூலையை மட்டும் விடச் சொன்னபோது அவருக்கு மனமே வரவில்லை. இப்போது மற்ற இடத்துச் சருகையும் அங்கேதான் கொண்டுவந்து கொட்டுகிறார்.

மண் குழிக்கு வேறு வழி. அதன் சுவரை வெட்ட முடியாது, இடமும் குறுகல். துருப்பிடிக்காத 304 ரக எஃகில் சட்டம் செய்து, கால் அங்குலக் கண்ணுள்ள அதே ரக வலையை இழுத்துப் பற்றவைத்து, ஆறு அங்குல அகலத்தில் ஏணி. மேலே கொக்கி, விளிம்பில் மாட்டிக்கொள்ள. ஓரங்களை அரம் போட்டு மழுக்க வேண்டும், வலை எங்கும் தொய்யக்கூடாது. 60 பாகைச் சாய்வில் நிற்கிறது. வலை இருப்பதால் அந்தச் செங்குத்திலும் ஏறிவிடுகின்றன. குழியின் அடியில் ஓட்டை போட்டுத் தண்ணீரை வடியவிடலாமே என்றும் யோசனை வந்தது. சரிவு நிலத்தில் மண்ணுக்குள் தண்ணீரை இறக்குவது ஆபத்து, ஆகவே அதைத் தொடவில்லை.

ஆனால் தேங்கிய தண்ணீர் என்றால் ஏடிஸ் கொசு, டிங்கிக் காய்ச்சல். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் அபராதமும் உண்டு. தவளைக்காகக் கொசு வளர்க்கிறோம் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு வந்தால் இந்த வேலை அன்றோடு முடிந்தது. முட்டையிலிருந்து கொசுவாகச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதற்குள் குழித் தண்ணீரை இறைத்து மணலை அள்ளிவிடுகிறோம். மரத்தவளை தண்ணீருக்கு மேல் நுரைக்கூடு கட்டி முட்டையிடும், குஞ்சுகள் கீழே விழுந்து வளர வாரக்கணக்கில் ஆகும். வாரம் ஒருமுறை இறைக்கும் குழியில் அவை பிழைக்க வழியில்லை. அதனால் குழிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கிளைகளை வெட்டினோம். காட்டுக்குள் இயற்கையாகத் தண்ணீர் ஊறும் பள்ளங்கள் இருக்கின்றன, அங்கே போய்க் கட்டட்டும்.

ஏறுகிறதா என்று எப்படித் தெரியும்? காட்டில் வைக்கும் தானியங்கிக் கேமராவை இரவல் வாங்கி வைத்தோம். அது பெரும்பாலும் உடம்புச் சூட்டின் வேறுபாட்டை உணர்ந்து இயங்குவது. தவளையும் பல்லியும் சுற்றுப்புறத்தின் வெப்பத்திலேயே இருப்பதால் அதன் கண்ணில் படாது. நிமிடத்துக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி மாற்றி வைத்த பிறகுதான் படங்கள் கிடைத்தன. அதைவிட எளிய வழி ஒன்று: சரிவின் தலைமாட்டில் ஈரமான பொடி மணலை மெல்லப் பரப்பிவிட்டால், காலையில் தடம் இருக்கும். தேரையின் முன்கால் உள்நோக்கித் திரும்பியிருக்கும். அரணை போனால் நடுவே வால் இழுத்த கோடு. மழை இரவுகளுக்குப் பின் குழியில் செத்துக் கிடப்பவை வெகுவாகக் குறைந்துவிட்டன. இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். பெருவெள்ளத்தில் அடித்து வரப்படுபவற்றுக்கு எந்தச் சரிவும் போதாது.

குழியில் உயிரோடு கிடப்பதை எடுக்கும்போது கவனம் வேண்டும். தூள் போடாத கையுறையை நனைத்துப் போட்டுக்கொண்டு எடுத்து, அதே இடத்தில் காட்டுப் பக்கக் கரையில் விடுகிறோம். வீட்டுக்கோ வேறு ஓடைக்கோ கொண்டுபோவதில்லை. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நோய் பரவும் அபாயமும் இருக்கிறது. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை தீபகற்ப மலேசியாவிலும் பதிவாகியுள்ளது. வேறு ஓடைக்குப் போய்வந்த காலணியை மண் போகத் தேய்த்து, ஒரு விழுக்காடு விர்கான் என்ற கிருமிநாசினிக் கரைசலில் நனைத்து, நன்றாகக் காயவைத்த பிறகே இங்கே இறங்குவோம். பல தவளைகளை ஒரே வாளியில் போடவும் கூடாது. மலை ஓடைகளில் இருக்கும் ஒடொரானா ஹோசி என்ற பச்சைப் பாறைத்தவளையின் தோல் நஞ்சு, அதோடு அடைத்து வைத்த மற்றத் தவளைகளைக் கொன்றுவிடும்.

இனி மாநகர் மன்றத்து லோங்காங். எழுத்தில் அனுமதி வாங்காமல் அதில் ஒரு கல்லைக்கூட நகர்த்தக்கூடாது. சுவரை வெட்டுவது என்ற பேச்சையே எடுக்கவில்லை; கழற்றி மாட்டும் ஏணிக்கு மட்டும் கேட்டோம். முதலில் போன அலுவலகத்தில் இது யார் பிரிவு என்றே முடிவாகாமல் கடிதம் பல மாதம் மேசை மேசையாகப் போனது. கடைசியில் காரியத்தை நகர்த்தியது லோங்காங் சுத்தம் செய்ய வரும் தம்பிகளின் ஒரே கேள்வி: “இத ஒரு கையால தூக்க முடியுமா?” மறுகையில் அவர்களிடம் மண்வெட்டி இருக்கும், அது நியாயமான கேள்வி. சட்டத்தை மெல்லியதாக மாற்றி, கொக்கியைத் திறந்த வளைவாகச் செய்து கொடுத்தோம். இப்போது குழியை அள்ளி முடித்ததும் அவர்களே திருப்பி மாட்டிவிட்டுப் போகிறார்கள்.

செப்டம்பர், அக்டோபர் பெருமழைக்கு முன்னால் மீதிக் குழிகளுக்கும் ஏணி செய்ய வேண்டும். இரும்புப் பட்டறையில் சொல்ல வேண்டிய அளவு இதுதான்: தளத்திலிருந்து விளிம்பு வரை ஆழத்தை அளந்து 1.15ஆல் பெருக்குங்கள், 60 பாகைக்கு வேண்டிய நீளம் வரும். கொக்கிக்கு மேலும் நாலு அங்குலம் விடச் சொல்லுங்கள். குழியின் அகலம் ஆழத்தில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 60 விழுக்காடாவது, இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். அதைவிடக் குறுகலாக இருந்தால் ஒரே ஏணியை நிமிர்த்தி வைக்காமல், நடுவில் ஒரு தட்டு வைத்து இரண்டு துண்டாக மடக்கிச் செய்யச் சொல்லுங்கள்.